கிணற்றைச் சுற்றி இன்னொரு சுற்று

தருமபுரி டவுனில் கார் ஓட்டுவது பெரிய காரியமே இல்லை. நிறுத்துவதுதான் காரியம். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல்காரர் இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். இண்டிகேட்டர் போடு, கண்ணாடியைப் பார், கிளட்சை மெதுவாக விடு என்று மூச்சுக்கு முந்நூறு தரம் சொன்ன மனுஷன், "ஏம்மா, நாளைக்குக் கடைவீதிக்குப் போனா இத எங்க கொண்டுபோயி நிறுத்துவ?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ரோடு சர்க்கார் ரோடுதான். ஆனால் கடைக்கு முன்னால் இருக்கிற ரோடு மட்டும் கடைக்காரருடைய பாட்டன் சொத்து. ஒருவர் கால் உடைந்த பிளாஸ்டிக் சேரைப் போட்டு இடம் பிடித்திருப்பார். இன்னொருவர் பெயிண்ட் டப்பாவில் சிமெண்டைக் கொட்டி நடுவே கம்பி நட்டு வைத்திருப்பார். எதுவும் இல்லாத இடத்தில், 'இங்கு வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்' என்று சுவரில் எழுதியிருக்கும். காற்றைப் பிடுங்கிவிட்டால் வண்டி அங்கேயேதானே கிடக்கும்? இதுகூடத் தெரியாதவர்கள் எப்படிக் கடை நடத்துகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்றைக்குத் தூறல் வேறு. விளக்கைப் போட்டுக்கொண்டு பென்னாகரம் ரோட்டில் வந்து, நாலு ரோட்டைத் தாண்டி, கடைவீதிக்குள் நுழைந்து, இடமில்லாமல் மறுபடி நாலு ரோட்டுக்கே வந்து சேர்ந்தேன். மறுநாள் முகூர்த்தம். ஜவுளிக்கடை வாசலெல்லாம் ஜனம். எனக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ், ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. நடு ரோட்டில் வண்டி இரண்டு தடவை ஆஃப் ஆனது.

இவ்வளவும் நடக்கையில் என் வீட்டுக்காரர் தீர்த்தகிரி பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

சாதாரண ஆள் என்றால் விட்டுவிடலாம். இவர் முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். முதலில் லாரி, அப்புறம் டூரிஸ்ட் வேன். கடைசியில் வீட்டுக்கென்று ஆசைப்பட்டு இந்தப் பழைய காரை வாங்கினார். வேறு யார் ஓட்டுகிற வண்டியில் ஏறினாலும் முன் சீட்டில்தான் உட்காருவார். உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து ஓட்டுகிறவனை வைவார். "பள்ளம் தெரியலியா உனக்கு? கண்ண வூட்ல கழட்டி வெச்சிட்டு வந்தியா?" என்பார். என் தம்பி ஒருமுறை இவரை ஏற்றிக்கொண்டு சேலம் போய் வந்தவன், இனிமேல் மாமாவை பஸ்ஸில் அனுப்பு என்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டான்.

போன மாசி மாதம், சோறு தின்றுகொண்டிருந்தவர் அப்படியே தட்டின் மேல் சாய்ந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஃபிட்ஸ் என்றார்கள். நரம்பு டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, நான் சொல்கிற வரைக்கும் ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது என்றார். எங்கள் ஊர் இண்டூருக்கு வந்ததும் இவர் கார் சாவியை ஆணியில் மாட்டினார். மாட்டியவர் அந்த ஆணி இருக்கிற சுவர்ப் பக்கம்கூடத் திரும்பவில்லை.

சாவியை நான் எடுத்தேன். டாக்டரிடம் அடிக்கடி வர வேண்டியிருந்தது. பஸ் கூட்டத்தில் இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. நாற்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல்நாள் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, பெருமையாக முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். இவர் அதைச் சாத்திவிட்டு, பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அப்படித்தான். ஊரில் கேலிக்குக் கேட்கவா வேண்டும்? "என்னா கோகிலா, உன் வூட்டுக்காரரு கலெக்டராட்டம் பின்னால உக்காந்து வராரு?" என்று கேட்பார்கள். "ஆமா, நான்தான் டவாலி" என்று சொல்லிச் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். பொண்டாட்டி ஓட்டுகிற வண்டியில் பக்கத்தில் உட்கார இந்த ஆம்பளைக்கு மானம் போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைவிட எரிச்சல், அவர் வையாமல் வருவதுதான். எத்தனையோ பொம்பளைகள் புருஷன் வைகிறான் என்று அழுகிறார்கள். என் புருஷன் என்னை நாலு வார்த்தை வைய மாட்டாரா என்று ஏங்கியது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் முன் சீட்டுக்கு வர வேண்டும், பழையபடி வாயைத் திறக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்றைக்கு டாக்டர் பார்த்துவிட்டு, ஓட்டலாம் என்று சொல்லக்கூடும். அந்த நம்பிக்கையில்தான் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

கடைசியில் ஒரு பூக்காரம்மாதான் வழி சொன்னாள். "பின்னால சந்துல போம்மா, பாயோட புளிமண்டி. காசு வாங்கிட்டு வுடறாங்க."

ஒரு காலத்தில் பாப்பாரப்பட்டியிலிருந்து புளி மூட்டைகள் வந்து இறங்கிய மண்டி அது. இப்போது மூட்டைகளுக்குப் பதில் கார்கள். சுற்றிலும் மதில், ஒரே ஒரு கேட், நடுவில் ஒரு பழைய கிணறு. கிணற்றின் வாய்க்கு இரும்புக் கம்பிவலை போட்டு மூடியிருந்தார்கள். புளிவாசம் மட்டும் இன்னும் போகவில்லை. அதை நடத்துகிற கவுஸ் பாஷா, தலைக்குப் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தூறலில் நின்றிருந்தார். அறுபது வயதுக்கு நல்ல கணீர்க் குரல்.

"வா ம்மா, வா... வரட்டும்... வரட்டும்... போதும்! இங்கயே குறுக்கால நிறுத்து. ஹேண்ட் பிரேக் போடாத. கியரும் வேணாம். நியூட்ரல்ல வுட்டுட்டுப் போ. உள்ள இருக்கற வண்டி கெளம்புச்சுன்னா, உன் வண்டியத் தள்ளிட்டு அத அனுப்புவேன்."

இங்கே எல்லாரும் அப்படித்தான் விடுகிறார்கள். ஒன்றின் பின்னால் ஒன்றாக நிறுத்தி, பின்னால் நிற்பதை நியூட்ரலில் விட்டுவிட வேண்டும். முன்னால் இருக்கிறது வெளியே போக வேண்டும் என்றால், பாயும் அக்கம்பக்கத்தில் நிற்கிறவர்களும் கையாலேயே தள்ளி வழி விடுவார்கள். மதில் முழுக்கப் பெரிய எழுத்தில் அதை எழுதியும் வைத்திருந்தார்.

"சரிங்க பாய்" என்றேன். சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுக்கிற மட்டும் இழுத்தேன். கியரையும் போட்டேன். சாவியை எடுத்துப் பைக்குள் போட்டேன். டிரைவிங் ஸ்கூலில் படித்த பாடம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தக் கிணறு. தரையோ லேசாகக் கிணற்றுப் பக்கம் சரிந்திருந்தது. வலை போட்டிருந்தால் என்ன? பிரேக் போடாத வண்டியை நம்பிக் கிணற்றுப் பக்கத்தில் விட்டுவிட்டு வருவதற்கு நான் என்ன பைத்தியமா?

போன் நம்பர் கேட்டார். சொன்னேன். அவர் அதைத் தன் சீட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். நாங்கள் குடையை விரித்துக்கொண்டு டாக்டரிடம் நடந்தோம்.

டாக்டர் தாள்களையெல்லாம் புரட்டினார். "ஆடி மாசம் நடுவுல ஒருக்கா வந்துச்சுன்னு சொன்னீங்க இல்ல?" என்றார். வந்ததுதான். லேசாக வந்தது, தூக்கத்தில். "அப்ப இப்போதைக்கு வேணாங்க. மாத்திரைய வுடாம சாப்புடுங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

இவர் "சரிங்க" என்றார். ஸ்கூல் பையன் மார்க் வாங்கிக்கொள்கிற மாதிரி அந்தச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். படியிறங்கும்போது என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"வண்டிய வித்துடலாம் கோகிலா."

எனக்குச் சுருக்கென்றது. "எதுக்கு?"

"எதுக்குன்னா... வெச்சிக்கிட்டு என்னா பண்றது?"

"நான் ஓட்டறது வண்டியா தெரியலீங்களா உங்களுக்கு?"

அவர் குடை எனக்கு மட்டும் வரும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டே வந்தார். அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. இவ்வளவு அக்கறை இருக்கிறவர் வாயைத் திறந்து பேசினால் என்ன?

புளிமண்டிக்குள் நுழைந்தால் எங்கள் காரைச் சுற்றிக் கூட்டம். நாலு பேர் பின்பக்கம் குனிந்து, பம்பருக்கு அடியில் கையைக் கொடுத்து, "ஏலேலோ" போட்டுத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார் அரை அடிகூட நகரவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார். பெயர் அறிவழகன், காரிமங்கலம் என்று அப்புறம் தெரிந்தது. அவருடைய கார் எங்களுடையதற்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. அதில் அவர் மாமியார், மடி நிறையப் புடவைப் பைகளோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, உங்க வண்டிங்களா இது? மணி என்னா ஆவுது தெரியுங்களா? சாயங்காலம் பொண்ணழைப்புங்க! பொடவ இங்க இருக்குது, பொண்ணு அங்க இருக்குது!"

"போன் பண்றதுக்கு என்னாங்க? நம்பர் குடுத்துட்டுத்தானே போனேன்?" என்றேன் நானும் விட்டுக்கொடுக்காமல்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கவுஸ் பாஷா கார்க் கண்ணாடி வழியாக உள்ளே கையைக் காட்டினார். பின் சீட்டில் இவருடைய போன் கிடந்தது. அவசரத்தில் நான் சொன்ன நம்பர் இவருடையது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். என் நம்பர் எனக்குத் தெரியாது. இவர்கள் போன் போடப் போட, அது வண்டிக்குள்ளேயே பாட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. அத்தனை பேரும் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நல்லாத்தான் பாடுச்சு ம்மா" என்றார் பாய். "ஆனா எடுக்கத்தான் ஆளில்ல. நியூட்ரல்ல வுடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவர் வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். நான் சாவியைப் போட்டுத் திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருகினேன். அந்த 'டிக்'கும் இல்லை.

பாய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "லைட்ட அணைக்காம போயிட்டியாம்மா?"

தூறலுக்குப் போட்ட விளக்கு. பேட்டரி வற்றிப்போயிருந்தது. பழைய தீர்த்தகிரியாக இருந்தால், வண்டியைவிட்டு ஒரு ஃபர்லாங் தூரம் போன பிறகுகூடத் திரும்பிப் பார்த்து, "லைட்டு எரியுது பாரு கழுத" என்று வைதிருப்பார். அந்தக் கழுதைக்கு இப்போது கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"அழுவாத ம்மா. ஒயர் இருக்குது எங்கிட்ட. வேற வண்டியிலேர்ந்து கரண்டு எடுத்துக்கலாம். மொதல்ல தள்ளி ஓரங்கட்டணும், இவங்க போவட்டும்" என்றார் பாய். "கெணத்தச் சுத்தி அக்கட்டா, அந்தப் பக்கத்து மூலைக்குக் கொண்டுபோயிடலாம். நீ ஸ்டீரிங்க மட்டும் புடிச்சிக்க."

அதுதானே வராது எனக்கு! இன்ஜின் ஓடாத வண்டியில் ஸ்டீரிங் ஆட்டுக்கல்லாகக் கனத்தது. நாலு பேர் தள்ளினார்கள். நான் ஒரு பக்கம் திருப்பினால் வண்டி இன்னொரு பக்கம் போனது. "ரைட்ல ஒடி! ரைட்டு! ஏம்மா, சோறு திங்கற கைப் பக்கம் திருப்பும்மா!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பயத்தில் மறுபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். தள்ளிக்கொண்டிருந்தவர்கள் பின்கண்ணாடியில் போய் மோதிக்கொண்டார்கள்.

"வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆம்பள யாராச்சும் உக்காருங்கப்பா" என்றார் அறிவழகன்.

எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. இறங்கி, பின்கதவைத் திறந்தேன்.

"எறங்குங்க" என்றேன். "எறங்கி வந்து இந்த ஸ்டீரிங்கப் புடிங்க."

இவர் நிமிர்ந்து பார்த்தார். "டாக்டரு என்னா சொன்னாரு? இப்பத்தானே கேட்டுட்டு வந்த?"

"வண்டி ஓட்டக்கூடாதுன்னுதான் சொன்னாரு. இதுல எங்கங்க இன்ஜின் ஓடுது? இது இப்ப வண்டியே இல்லீங்க, வெறும் தகரம். நாலு பேரு தள்ளறாங்க, நீங்க திருப்பப் போறீங்க. எங்க ஊர்ல தேருக்கு முட்டுக்கட்ட போடறவங்கூட இதவிட அதிகமா வேல செய்வான்."

பாய் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. தள்ளுகிறவர்களைப் பார்த்து, "கொஞ்சம் நில்லுங்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

இவர் கை முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக இறங்கினார். தூறலில் நனைந்தபடி வண்டியைச் சுற்றி வந்தார். டயரைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். மாசி மாதத்துக்கு அப்புறம் முதல்முறையாக.

"கோகிலா" என்றார். "நீ பக்கத்துல வந்து உக்காரு."

உட்கார்ந்தேன்.

"இன்ஜின் ஓடாட்டி பிரேக்கு கல்லாட்டம் இருக்கும். சரியா புடிக்காது. நீ ஹேண்ட் பிரேக்குல கைய வெச்சிக்க. வெளிய எங்கயும் பாக்காத, என் மூஞ்சியவே பாத்துட்டு இரு. எனக்கு எதாச்சும் ஆவற மாதிரி தெரிஞ்சா..." என் கையை எடுத்து அதன் மேல் வைத்தார். "ரோசன பண்ணாம இழுத்துடு."

இவ்வளவு நேரமும் எந்தப் பிரேக்குக்காக ஊரே என்னை வைததோ, அதை என் கையில் கொடுத்து என்னை நம்புகிறார். "சரிங்க" என்றேன்.

"தள்ளுங்க" என்று வெளியே தலையை நீட்டிச் சொன்னார்.

வண்டி நகர்ந்தது. இன்ஜின் சத்தம் இல்லாமல், டயருக்கு அடியில் ஈர மண் நெரிகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை. அவர் சொன்னபடி முகத்தைத்தான் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. முதலில் பயந்துதான் இருந்தது. தாடை இறுகியிருந்தது. ஸ்டீரிங்கை ஒரு முழுச் சுற்றுத் திருப்பியபோது கழுத்து நரம்பு புடைத்தது. அப்புறம் மெல்ல மெல்ல, கண்ணோரம் தளர்ந்தது. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. நெளிவான மலைப்பாதையில் வேனை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் அந்த நாக்கு அப்படித்தான் எட்டிப் பார்க்கும். அதை மறந்தே போயிருந்தேன்.

"லேசா... லேசா... இன்னும் தள்ளுங்க... ம், நில்லுங்க. இப்ப முன்னால வந்து தள்ளுங்க."

கிணற்றின் கட்டைச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையத்தான் இடம் இருந்திருக்கும். உரசாமல் சுற்றி வந்து மூலையில் நின்றது. தள்ளியவர்கள் மூச்சு வாங்கினார்கள். அறிவழகன், "யோவ், சூப்பருய்யா!" என்று கையைத் தட்டினார். கொஞ்ச நேரம் முன்னால் முறைத்த முறைப்பெல்லாம் எங்கே போனதோ.

இவர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. விரல்கள் அதைத் தடவிக்கொண்டிருந்தன. இறங்க வேண்டும் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தார்.

பாய் ஜன்னலோரம் வந்தார். இவர் முகத்தைப் பார்த்தார். ஸ்டீரிங்கில் இருந்த கையைப் பார்த்தார். தாடியைச் சொறிந்துகொண்டார்.

"இந்த மூலை சரிப்படாதுங்க அண்ணே" என்றார். "இங்க வெயிலு நேரா அடிக்கும். பேட்டரிக்கு ஆவாது. இன்னொரு சுத்து சுத்தி, இக்கட்டா கேட்டுப் பக்கமே கொண்டுபோயிடலாம்."

நான் அண்ணாந்து பார்த்தேன். வானம் காலையிலிருந்து மூடிக் கிடந்தது. வெயில் என்ற பேச்சே இல்லை.

அறிவழகனும் வானத்தைப் பார்த்தார். அவருடைய காருக்கு வழி திறந்தாகிவிட்டது. மாமியார் காருக்குள்ளிருந்து, "மாப்ள! நேரமாவுது!" என்று கூப்பிட்டார். "இருங்கத்த, அவங்க வண்டி வெயில்ல நிக்குது" என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு மறுபடி பின்னால் போய்ப் பிடித்தார் அந்தப் புண்ணியவான். இவருக்கு என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது சுற்றில் இவர் என்னிடம் பேசினார்.

"பாத்தியா, ஸ்டீரிங்க நின்ன எடத்துல திருப்பக்கூடாது. வண்டி உருளும்போது திருப்பணும். நீ நின்னுட்டே முறுக்கற. அதான் கனக்குது."

"அத முன்னாலயே சொல்லியிருந்தா என்னாவாம்?"

"மூஞ்சியப் பாருன்னா வாயப் பாக்கற" என்றார்.

கிணற்றைச் சுற்றி வந்து கேட்டருகே வண்டி நின்றது. பாய் வேறொரு காரிலிருந்து ஒயரை மாட்டினார். நான் சாவியைத் திருகுவதற்கு முன்னால் இவர், "இரு, இன்ஜின் உசுரு வர்றதுக்குள்ள நான் எறங்கிக்கறேன்" என்று இறங்கிவிட்டார். வாக்கு வாக்குதான் அவருக்கு. நான் அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்து திருகினேன். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. இவர் பாய்க்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார். பாயும் சும்மா பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எங்கள் மேல் பரிதாபப்பட்டதாக ஆகியிருக்கும்.

அப்புறம் இவர் வந்து பின்கதவின் கைப்பிடியில் கையை வைத்தார்.

எனக்கு வந்ததே கோபம்! கண்ணாடியை இறக்கினேன். "ஏங்க, இவ்வளவு நேரம் பக்கத்துல உக்காந்துதானே இருந்தேன்? உங்க மானம் எங்கயாச்சும் ஒழுகிப் போச்சுங்களா? பொண்டாட்டி ஓட்டறான்னா பக்கத்துல உக்காரக்கூடாதா? அவ்வளவு கேவலமா போயிட்டனா நானு?"

இவர் திகைத்துப் போய் நின்றார். தலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"மானமா?" என்றார். "அப்பிடியா நெனச்சிட்டிருந்த இத்தன நாளா?"

"பின்ன?"

பாய் காதில் விழாத தூரத்துக்கு நகரும் வரை இவர் காத்திருந்தார். பிறகு ஜன்னலருகே குனிந்தார்.

"முன்னால உக்காந்து எனக்கு அது வந்துச்சுன்னு வையி. கை காலு எங்க போவும்னு எனக்குத் தெரியாது. உன் மேல சாஞ்சிடுவேன். ஸ்டீரிங்க இழுத்துடுவேன். எதுக்கால லாரி வரும். நான் போனா போறேன் கோகிலா. நீயுமா?" முகத்தில் வழிந்த தூறலைத் துடைத்துக்கொண்டார். "பேச்சு குடுத்தாகூட நீ திரும்பிப் பாப்ப. அதான் வாயத் தொறக்கல."

இத்தனை மாதமும் நான் நாலு ரோட்டில் வண்டியை ஆஃப் பண்ணிக்கொண்டு நிற்கும்போதெல்லாம், பின்னால் ஒரு மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு எனக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறார். நான் அவரைக் கலெக்டர் என்று ஊரோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அழுதால் இவர் மறுபடி பின்னால் போய்விடுவார். அதனால் அதட்டினேன்.

"முன்னால வாங்க."

"சொல்றது கேக்கலியா உனக்கு?"

"எல்லாம் கேட்டுது. மாத்திரதான் நாளு தவறாம சாப்புடறீங்க இல்ல? வாங்கன்னா வாங்க."

முன்கதவு திறந்தது. தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். நான் எட்டி, சீட்டைக் கடைசி மட்டும் பின்னுக்குத் தள்ளினேன். சீட் பெல்ட்டை இழுத்து, அவர் மார்புக்கு மேல் கொண்டுவந்து, இடுப்போரம் 'டக்'கென்று மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

"இப்ப சாய முடியுதா, சாய்ங்க பாக்கலாம்."

அவர் என் பக்கம் சாய்ந்து பார்த்தார். பெல்ட் பிடித்துக்கொண்டது. என் தோளுக்கு ஒரு முழம் இருக்கும்போதே நின்றுவிட்டார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"அத விக்கறேன் இத விக்கறேன்னு இனிமே பேச்சு வந்துச்சு, அப்புறம் இருக்குது" என்றேன்.

கியரைப் போட்டு, கிளட்சை விட்டேன். வண்டி முக்கியது, முனகியது, நகரவில்லை. கேட்டருகே பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஹேண்ட் பிரேக்கு, கழுத" என்றார் என் வீட்டுக்காரர்.

சந்து தாண்டி, கடைவீதி தாண்டி, இண்டூர் வந்து சேரும் வரைக்கும் வைதுகொண்டே வந்தார். பள்ளத்துக்கு ஒன்று, வேகத்தடைக்கு ஒன்று, மூன்றாம் கியருக்கு மாறாததற்கு ஒன்று. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், காது குளிரக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.